ஒருமுறை மறுத்தல்

கிருபைரட்ணம் மாஸ்ரர் செய்த பிழை ஒன்றே ஒன்றுதான்: கேட்டுவிட்டார். கேளாமல் எழும்பிப்போய் மாறி இருந்திருந்தால் ஒரு குருவியும் ஏனென்று கேட்டிருக்காது. ஆனால் அவர் பருத்தித்துறையில் ஒரு மிசன் பள்ளிக்கூடத்தில் முப்பத்துநாலு வருடம் படிப்பித்து, உபஅதிபராக ஓய்வுபெற்றவர். பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்தே காலம் கழித்த மனிதர். மாஸ்ரர் சொந்தக் கிணற்றில் தண்ணீர் அள்ளுவதென்றாலும் எழுதிக் கேட்டு, பிரதியைக் கோவையில் கோத்து வைத்துவிட்டுத்தான் வாளியை இறக்குவார் என்று ஊரில் பகிடி பண்ணுவார்கள். அந்தப் பகிடி அவருக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

அறுபத்தேழாம் ஆண்டு புரட்டாதியில் அவருடைய மனைவி ஐரிஸுக்கு மூச்சு வாங்குவது கூடிவிட்டது. இருதயத்து வால்வு சுருங்கிக்கொண்டு வருகிறது, வெட்டித்தான் திருத்தவேண்டும் என்று டொக்டர் சொன்னார். வெட்டத் தெரிந்தவர் சீமையிலிருந்து வந்து கொழும்பில் ஒரு கிழமை, ஏழு நாள்தான் நிற்பார். பதினைந்தாம் திகதி வெள்ளிக்கிழமை ஐரிஸுக்கு நாள் குறித்தாயிற்று. அதை விட்டால் அடுத்த வருடம்தான். அடுத்த வருடம் என்று ஒன்று ஐரிஸுக்கு இல்லை என்பதை டொக்டர் சொல்லாமலே மாஸ்ரர் விளங்கிக்கொண்டார்.

"றெயிலிலை பத்து மணித்தியாலம் அவ தாங்கமாட்டா, மாஸ்ரர்" என்றார் டொக்டர். "பிளேனிலை கொண்டுபோங்கோ. ஆனால் முன்வகுப்பிலை இருத்துங்கோ. அங்கைதான் கதிரை சாயும், காலை நீட்டலாம். ஒட்சிசன் சிலிண்டரும் அங்கைதான் பூட்டியிருக்கு. மேலை போகப் போகக் காத்துக் குறையும். இழுக்கத் துவங்கினால் உடனை குழாயைக் குடுக்கவேணும். சுணங்கக் கூடாது."

அந்தக் காலத்தில் பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் பறப்பதற்கு வடதிசை வான்சேவை என்று ஒரு கொம்பனி இருந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். அதனிடம் இரண்டு பிளேன்கள். ஒவ்வொன்றிலும் இருபத்தெட்டுக் கதிரைகள். முன்னால் ஆறு, பின்னால் இருபத்திரண்டு, நடுவில் ஒரு மெரூன் நிறத் திரைச்சீலை. முன்பக்கத்தில் சாமான் ஏற்றுவதற்கென்று இருந்த கதவுக்கு வெள்ளை பூசி, ஏணி வைத்து, அதை முன்வகுப்பு வாசல் ஆக்கியிருந்தார்கள். பின்னால் இருப்பவர்கள் பின்கதவால் ஏறுவார்கள். இரண்டு வகுப்பும் ஒன்றாகத்தான் எழும்பும், ஒன்றாகத்தான் இறங்கும். முன்வகுப்பு கொழும்புக்கு ஒரு கண்ணிமைப்பொழுது முந்திப் போய்ச் சேரும், அவ்வளவுதான். அந்தக் கண்ணிமைப்பொழுதைக் கட்டிக்காப்பதிலேதான் கொம்பனியின் மூளை முழுவதும் செலவழிந்துகொண்டிருந்தது.

லண்டனில் இருந்த மகன் கிளரன்ஸ் அங்கிருந்தே ரிக்கெற்றுக்கு ஒழுங்கு செய்தான். பதினாலாம் திகதிப் பிளேனில் முன்வகுப்பில் ஒரேயொரு கதிரைதான் மிச்சம். மற்றது பின்வகுப்பில் கிடைத்தது. பரவாயில்லை, அம்மா முன்னுக்கும் அப்பா பின்னுக்கும் இருக்கட்டும் என்று கிளரன்ஸ் எழுதியிருந்தான். மாஸ்ரர் பஸ் எடுத்து யாழ்ப்பாணத்துக்குப் போய், பெரியகடையில் மாடியில் இருந்த கொம்பனிக் கந்தோரில் ரிக்கெற்றுகளை வாங்கிப் பார்த்தார். முன்கதிரை அவருடைய பெயரில் இருந்தது. ஐரிஸுக்குப் பின்வகுப்பில் கடைசிக்கு முதல் வரிசை போட்டிருந்தார்கள்.

"தம்பி, உது மாறிப் போச்சு" என்றார் கிளாக்கர் செல்வநாயகத்திடம்.

செல்வநாயகம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தான். "மாறேல்லை சேர். குடும்பத் தலைவர் ஆர்?"

"நான்தான்."

"அப்ப சரியாய்த்தானே இருக்கு. ஒரு குடும்பத்துக்கு ரெண்டு வகுப்பிலை கதிரை விழுந்தால் உயர்ந்தது தலைவருக்கு. நீங்கள் பின்னுக்கும் உங்கடை மனிசி முன்னுக்கும் போனால் எங்கடை சனம் என்ன நினைக்கும்? உங்களுக்கு மனிசியிலை பயமெண்டு நினைக்கும். கொம்பனிக்கு அந்தப் பழி வேண்டாம் சேர்."

மாஸ்ரர் டொக்டரின் கடிதத்தை எடுத்து நீட்டினார். செல்வநாயகம் அதை மரியாதையாக வாசித்து, மரியாதையாக மடித்து, திருப்பிக் கொடுத்தான். பிறகு அலுமாரியைத் திறந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தான். இருக்கை ஒழுக்கக் கைநூல் என்று அதன் முகப்பில் பொன்னெழுத்தில் இருந்தது.

"மாறலாம் சேர். மாறேலாதெண்டு ஆர் சொன்னது? துணையோடை வாறவை வகுப்பு விட்டு வகுப்பு மாறிறதுக்கு இந்தப் புத்தகத்திலை ஒரு அதிகாரமே இருக்கு. நீங்கள் விண்ணப்பம் ஒண்டு தாங்கோ. அவ உங்கடை மனிசிதான் எண்டதுக்குச் சான்று வேணும். நீங்கள் அவவின்ரை ஆக்கினை தாங்கேலாமல் கதிரையை விடேல்லை எண்டு கிராம சேவகரின்ரை கடிதம் வேணும். அவ மேல்வகுப்பிலை இருக்கத்தக்க ஆள் எண்டு ஒரு குருவானவரின்ரை கடிதமும் வேணும்."

வேறு ஆளாக இருந்தால் அந்த இடத்திலேயே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, பிளேனில் பார்த்துக்கொள்வோம் என்று இறங்கிப் போயிருப்பார். மாஸ்ரர் பேனையை எடுத்து, கேட்டவற்றை ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு நன்றி சொல்லிவிட்டு வந்தார். முறையென்று ஒன்று இருந்தால் அதற்குள் ஒரு வழியும் இருக்கும் என்று அவர் உண்மையாகவே நம்பினார்.

நாலு நாள் அலைந்தார். குருவானவர் ஐரிஸ் ஞாயிறு தவறாமல் ஆராதனைக்கு வருகிறவர் என்று எழுதினார்; அது போதாது, சாயும் கதிரையில் இருந்து பழக்கமுள்ளவர் என்று எழுதவேண்டும் என்று கொம்பனி திருப்பி அனுப்பியது. புதிசாகக் கிராம சேவகர் என்று பெயர் மாறியிருந்தாலும் சனம் இன்னும் விதானையார் என்றே கூப்பிட்ட மனிதர், புருசன் பெண்சாதிக்குள் ஆக்கினை இல்லை என்று எழுதித் தர மறுத்துவிட்டார். "மாஸ்ரர், முப்பது வருசமாய் விதானை வேலை பாக்கிறன். அப்பிடி ஒரு வீட்டை நான் இன்னும் காணேல்லை" என்றார். கடைசியில், ஆக்கினை வழக்கமான அளவுதான் என்று எழுதி ஒப்பமிட்டார். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாய், ஒவ்வொரு கடிதமும் இன்னொரு கடிதத்தைக் கேட்டது.

இந்த நாலு நாளும் ஐரிஸ் படுக்கவில்லை. படுத்தால் மூச்சு முட்டும். ஆறு தலையணையை அடுக்கி, சாய்ந்தபடியே இருந்து விடியப்பண்ணினா. கால் இரண்டும் வீங்கி, விரலால் அமத்தினால் குழி விழுந்து, அந்தக் குழி நிரம்பக் கனநேரம் எடுத்தது. மாஸ்ரர் கோவையோடு வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவ அவரைப் பார்த்து ஒரு கேள்விதான் கேட்டா.

"இஞ்சாருங்கோ, உதெல்லாம் என்னத்துக்கு? ஏறினாப்போலை பேசாமல் மாறி இருந்தால் ஆருக்குத் தெரியும்?"

"ஐரிஸ், உமக்குத் தெரியும்தானே. களவாய்ப் பிடிச்ச கதிரையிலை எனக்கு நித்திரை வராது."

"நித்திரை கொள்ளப்போறது நீங்களே? அதிலை இருக்கப்போறது நானெல்லே."

மாஸ்ரர் சிரித்தார். ஐரிஸ் சிரிக்கவில்லை. பதினோராம் திகதி, அனுமதிக் கடிதத்துக்குப் பதிலாக வேறொரு கடிதம் வந்தது. இருக்கை மாறும் இருவரும் நிலைய முகாமையாளர் திரு. அருட்பிரகாசம் முன்னிலையில் ஒத்திகைக்கு வரவேண்டும் என்று அதில் இருந்தது.

கந்தோருக்கு இருபத்தாறு படி. வாடகைக் கார் வாசலில் நிற்க, மாஸ்ரர் ஐரிஸைப் பிடித்துக்கொண்டு ஏறினார். அஞ்சு படிக்கு ஒருக்கால் நின்றார்கள். மேலே போய்ச் சேர்ந்தபோது அவவின் சொண்டு நாவற்பழம் தின்றவர்களுடையதைப் போல நீலம் பாரித்திருந்தது. கந்தோரின் நடுவில் இரண்டு பிரப்பங்கதிரை போட்டு, அவற்றுக்கிடையில் கயிறு கட்டி, கயிற்றில் ஒரு மேசைவிரிப்பைத் தொங்கவிட்டிருந்தார்கள். அதுதான் திரைச்சீலை.

அருட்பிரகாசத்துக்கு நாற்பது வயதிருக்கும். வெள்ளைக் காற்சட்டையும் கழுத்துப்பட்டியுமாக, இனிமையாகக் கதைக்கிற மனிதர். அவர் ஒருவரிடமும் கோபித்ததை ஒருவரும் கண்டதில்லை.

"மாஸ்ரர், உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை" என்று தொடங்கினார். "இது கதிரைப் பிரச்சினை இல்லை. ஒரு ஆள் மேலையிருந்து கீழை இறங்கிறதெண்டால் அது ஒரு சாவு மாதிரி. இன்னொரு ஆள் கீழையிருந்து மேலை ஏறுறதெண்டால் அது ஒரு பிறப்பு. பிறப்பையும் இறப்பையும் பதியாமல் விடுகிற நாடு உருப்படுமே? பள்ளிக்கூடத்திலை ஒரு பிள்ளை வரிசை குலைச்சால் நீங்கள் விடுவீங்களோ?"

"விடமாட்டன்" என்றார் மாஸ்ரர். உண்மையைத்தானே சொல்லவேண்டும்.

"அதுதான். ஆக்கள் தங்கடை தங்கடை இடத்திலை அசையாமல் இருந்தால் எங்கடை கொம்பனியிலை ஒரு குறையும் வராது. அசையிறவையாலைதான் வில்லங்கம்."

பறக்கிற கொம்பனியின் முகாமையாளர் இதைச் சொன்னார். மாஸ்ரர், ஐரிஸின் நோயைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"நோயாளியளுக்கு நாங்கள் எதிரியில்லை, மாஸ்ரர். ஆனால் நோய் ஒரு வகுப்பில்லையே. எங்கடை புத்தகத்திலை ரெண்டு வகுப்புத்தான் கிடக்கு. சரி, துவங்குவம்."

முறை இப்படி: மேல்வகுப்பார் எழும்பி, வலக்கையால் கதிரையைக் காட்டி, "தாங்கள் இருங்கள்" என்று சொல்லவேண்டும். கீழ்வகுப்பார் நின்றபடி, "வேண்டாம், தாங்களே இருங்கள்" என்று மறுக்கவேண்டும். மேல்வகுப்பார் இரண்டாம்முறை கேட்கவேண்டும். அதன்பிறகு கீழ்வகுப்பார் தலைகுனிந்து இருக்கலாம். ஒருமுறையாவது மறுக்காமல் இருந்தால் அது பேராசை. மூன்றுமுறை மறுத்தால் அது அவமரியாதை. அதோடு பயணமும் எழுபது நிமிடம்தான்.

முதல் ஒத்திகையில் மாஸ்ரர் எழும்பி, கையைக் காட்டி, "தாங்கள் இருங்கள்" என்றார். ஐரிஸ் தொப்பென்று இருந்துவிட்டா. படி ஏறிய களைப்பு, அவவுக்கு நிற்க ஏலவில்லை.

"அம்மா மறுக்கேல்லை" என்றார் அருட்பிரகாசம். செல்வநாயகம் அதை எழுதினான்.

இரண்டாம்முறை அவ மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றா. வாயைத் திறந்தா. சத்தம் வரவில்லை. மூன்றாம்முறை மாஸ்ரருடைய முகத்தைப் பார்த்தா. முப்பது வருடமாக ஒரே மேசையில் இருந்து சாப்பிட்ட மனிதன், பள்ளிக்கூட நாடகத்தில் வேசம் கட்டியவரைப் போலக் கையை நீட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தா. பிறகு அருட்பிரகாசத்தின் பக்கம் திரும்பினா.

"எனக்கு இருக்கவேணும், தம்பி" என்றா, ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்செடுத்து. "இருக்கவேணும் போலை கிடக்கேக்கை வேண்டாமெண்டு எப்பிடிச் சொல்லுறது?"

அருட்பிரகாசத்துக்கு மெய்யாகவே மனம் நொந்துவிட்டது. "அம்மா, முன்வகுப்பிலை ஒருத்தரும் அப்பிடி உண்மை கதைக்கிறேல்லை" என்றார்.

இருந்தாலும் அவர் கல்நெஞ்சுக்காரர் இல்லை. இருவரையும் ஒரு மணித்தியாலம் காக்கவைத்து, நிபந்தனையோடு ஒரு அனுமதிக் கடிதம் தட்டச்சடித்துக் கொடுத்தார். பிளேன் எழும்பும்போது இருவரும் தத்தம் வகுப்பிலேயே இருக்கவேண்டும். பிளேன் மட்டத்துக்கு வந்து, விமானி மணி அடித்தபிறகு, பணியாளர் முன்னிலையில், திரைச்சீலையடியில், முறைப்படி மறுத்து ஏற்கவேண்டும். மாஸ்ரர் அந்தக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்து, ஊசி குத்திக்கொண்டார். வென்றுவிட்டோம் என்று நினைத்தார் பாவி மனிசன்.

பதினாலாம் திகதி காலை பலாலியில் காத்திருக்க முன்வகுப்பாருக்கு மெத்தை வாங்கு, பின்வகுப்பாருக்கு மர வாங்கு. மாஸ்ரர் மெத்தையில் இருந்துகொண்டு, எதிரில் மர வாங்கில் சுவரோடு சாய்ந்திருந்த ஐரிஸைப் பார்த்தபடி இருந்தார். அவருக்குப் பக்கத்தில் ஆழ்வாப்பிள்ளை வந்து இருந்தார். பருத்தித்துறைக் கரையில் கப்பலுக்குச் சாமான் ஏற்றி இறக்க ஏழு வத்தை வைத்திருக்கும் மனிதர். பெரிய உருவம், பெரிய குரல். அவருடைய மச்சான் நாகலிங்கத்துக்கும் பின்வகுப்புத்தான் கிடைத்திருந்தது. மாஸ்ரர் தன் கடிதத்தை எடுத்துக் காட்டினார். ஆழ்வாப்பிள்ளை அதைத் தலைகீழாகவும் நேராகவும் திருப்பிப் பார்த்தார்.

"என்ன மாஸ்ரர் நீங்கள்? கேட்டால் இல்லையெண்டுதானே சொல்லுவினம். எங்கடை வத்தையிலை ஆர் முன்னுக்கு ஆர் பின்னுக்கெண்டு காத்துத்தான் சொல்லும். நாங்கள் எழும்பி மாறி இருக்கிறதுதான்."

"அது கடல், ஆழ்வாப்பிள்ளை."

"ஓம். கடலிலை பிழை விட்டால் சாவம். அதாலைதான் அங்கை உந்தக் கூத்து ஒண்டும் இல்லை."

பிளேன் எழும்பியது. மாஸ்ரர் முன்வகுப்பில் கடைசி வரிசையில், திரைச்சீலைக்கு இரண்டு முழம் முன்னால் இருந்தார். அவருடைய தோளடியில் சுவரில் நாலு ஆணி முறுக்கிப் பூட்டிய ஒட்சிசன் சிலிண்டர். அதில் சுற்றிவைத்த றப்பர்க் குழாய். காலை நீட்டினால் நீட்டிக்கொண்டே போகலாம் போல இருந்தது. அவர் காலை மடக்கி வைத்துக்கொண்டு காதைத் திரைக்குக் கொடுத்திருந்தார். இரண்டு விசிறியின் இரைச்சலுக்குள்ளும் ஐரிஸின் இருமலை அவரால் பிரித்தறிய முடிந்தது.

ஆனையிறவு உப்பளம் வெள்ளைவெளேரென்று கீழே தெரிந்தபோது ஆழ்வாப்பிள்ளை எழும்பினார். திரையை விலக்கிப் பின்னால் போனார். "டேய், போய் முன்னுக்கு இரு, எனக்கு உங்கை சரிவரேல்லை" என்று அவருடைய குரல் கேட்டது. நாகலிங்கம் முன்னுக்கு வந்து, மச்சானின் கதிரையைச் சாய்த்து, கண்ணை மூடினான். இவ்வளவும் நடக்க ஒரு சுருட்டுப் பற்றவைக்கும் நேரம்கூட எடுக்கவில்லை. பணியாளன் சிமியோன் பக்கத்தில்தான் நின்றான். அவன் யன்னலால் முகிலைப் பார்த்தான்.

மாஸ்ரர் அவனைக் கூப்பிட்டார். "தம்பி, உவை இப்ப மாறி இருந்ததைப் பாத்தீரோ?"

"அவை கேக்கேல்லை சேர்" என்றான் சிமியோன் பணிவாக. "கேளாத ஒண்டை நான் எப்பிடி மறுக்கிறது?"

"அப்ப நானும் போய் என்ரை மனிசியைக் கூட்டிக்கொண்டு வாறன்."

"நீங்கள் கேட்டிட்டீங்கள் சேர். கடிதம் உங்கடை பொக்கற்றிலை கிடக்கு. இனி நீங்கள் கேளாத ஆள் ஆகேலாது. மணி அடிக்கட்டும்."

மணி அடிக்கவில்லை. மாங்குளத்துக்கு மேலே முகில் கறுத்து, பிளேன் ஏறியும் இறங்கியும் குலுங்கியது. பின்னால் இருமல் நின்று, வேறொரு சத்தம் தொடங்கியது. ஈரத் துணியைக் கிழிப்பது போன்ற ஒரு இழுப்பு. மாஸ்ரர் எழும்பினார். சிமியோன் திரைக்கு முன்னால் வந்து நின்றான்.

"மட்டத்துக்கு வரமுந்திப் போனால் அது நேரத்துக்கு முந்தின இறக்கம் சேர். அனுமதி செத்துப்போகும். பிறகு அம்மாவுக்குக் கதிரையே இல்லை."

மாஸ்ரர் நின்றார். அவர் நின்றார் என்பதை நான் மறைக்கப்போவதில்லை. குழாயைக் கழற்றி நீட்டி இழுத்துப் பார்த்தார். அது திரைச்சீலை வரைக்கும் வந்து நின்றுவிட்டது. "திரை வரைக்கும்தான் சேர் எட்டும். அந்த அளவுக்குத்தான் வெட்டினது" என்றான் சிமியோன். குழாயின் வாய் மாஸ்ரரின் கையில் சீறிக்கொண்டிருந்தது. திரைக்கு அந்தப் பக்கம் ஆறு வரிசைக்கு அப்பால் ஐரிஸ் காற்றுக்கு அலைந்துகொண்டிருந்தா. மாஸ்ரரின் ஐம்பத்தொன்பது வருடத்து நல்ல பழக்கங்கள் அத்தனையும் சேர்ந்து அவரைத் திரைக்கு இந்தப் பக்கத்திலேயே பிடித்து வைத்திருந்தன. இப்படி நாலு நிமிடம்.

மணி அடித்தது.

"இப்ப சரி சேர்" என்றான் சிமியோன், அவனுக்கும் நெஞ்சு ஆறினாற்போல. "அம்மாவைத் திரையடிக்கு வரச்சொல்லுங்கோ."

"மாஸ்ரர்!" என்று பின்னாலிருந்து ஆழ்வாப்பிள்ளை கத்தினார். "மாஸ்ரர், ஓடி வாருங்கோ! மனிசிக்குக் கண் செருகுது!"

அப்போதுதான் அவர் சிமியோனைத் தள்ளிக்கொண்டு ஓடினார். ஐரிஸ் தனக்கு முன்னால் இருந்த கதிரையின் முதுகை இரண்டு கையாலும் பிடித்து, முன்னுக்கு வளைந்து கிடந்தா. முகம் சாம்பல். மாஸ்ரர் நடைபாதையில் முழங்காலில் விழுந்து அவவின் கையைப் பிடித்தார்.

"ஐரிஸ், வாரும். முன்னுக்கு வந்து இரும். வாரும் அம்மா."

அவ கண்ணைத் திறந்து அவரை அடையாளம் கண்டா. தலை மெல்ல ஆடியது. "வேண்டாம்" என்றா. இனி ஏலாது என்பதற்கு அவவிடம் மிஞ்சியிருந்த சொல் அது ஒன்றுதான்.

சிமியோன் பின்னாலேயே வந்து நின்றான். அவன் கெட்ட பிள்ளை இல்லை. அந்த நேரம் அவனுடைய முகத்தில் சந்தோசம்தான் இருந்தது. கையிலிருந்த தாளில் ஒரு சரி போட்டான். "மறுத்திட்டா சேர்! ஒருமுறை மறுத்திட்டா. இனி இன்னொருக்கால் கேளுங்கோ, உடனை கொண்டுபோவம்."

மாஸ்ரர் கேட்டார். வலக்கையை நீட்டி, "தாங்கள் இருங்கள்" என்று, ஒத்திகையில் சொன்ன அதே சொல்லில் கேட்டார். எப்படித் தன் வாயில் அது வந்தது என்று அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை. அதற்காக அவர் தன்னை ஒருநாளும் மன்னிக்கவுமில்லை.

"உதென்னடா கூத்து!" என்று ஆழ்வாப்பிள்ளை இருவரையும் ஒதுக்கிவிட்டு, ஐரிஸை ஒரு குழந்தையைப் போலத் தூக்கி எடுத்தார். இரண்டு அடி வைத்திருப்பார். பிறகு அவர் நடக்கவில்லை. கடலில் எத்தனையோ பேரைத் தூக்கிய மனிதருக்கு, உயிர் உள்ள பாரமும் இல்லாத பாரமும் தெரியும். மெல்லத் திரும்பி, அவவைப் பழைய கதிரையிலேயே வைத்து, கண்ணை மூடிவிட்டார்.

மாஸ்ரர் அழுதார். சத்தம் போட்டு அழுதார். கடைசி வரிசையில் ஒரு பெண்ணும் சேர்ந்து அழுதா. சிமியோன் புத்தகத்தைத் திறந்து, பக்கம் புரட்டி, வாசித்து, மூடினான்.

"சேர், அம்மாவை முன்னுக்குக் கொண்டுபோகவேணும்."

மாஸ்ரருக்கு விளங்கவில்லை.

"செத்தவை பின்வகுப்பிலை இருக்கேலாது சேர். அங்கை சனம் கனக்க இருக்கு, பயப்படும். முன்வகுப்பிலை சாய்ச்சு இருத்தித்தான் கொண்டுபோகவேணும். அதுதான் விதி."

"படிவம்?" என்று கேட்டார் மாஸ்ரர். அவருக்கு வேறென்ன கேட்பதென்று தெரியவில்லை.

"செத்தவைக்கு ஒண்டும் வேண்டாம் சேர். அவையாலை எங்களுக்கு ஒரு கரைச்சலும் வாறேல்லை."

அரை நிமிடத்தில் முடிந்தது. மாஸ்ரருடைய கதிரையில் ஐரிஸைச் சாய்த்து, காலை நீட்டி, கொம்பனியின் பேர் பொறித்த கம்பளியால் கழுத்துவரை மூடினார்கள். முன்னால் இருந்த, வழக்காடுகிற பிரக்கிராசி ஒருவர் எழும்பிக் கொஞ்சம் விலகி வழிவிட்டார். மாஸ்ரர் பின்தொடர்ந்து திரைக்குள் கால் வைத்தபோது சிமியோன் அவருடைய முழங்கையைத் தொட்டான்.

"முன்னுக்கு ஆறு கதிரைதான் சேர். ஆறும் நிறைஞ்சுது. அம்மாவின்ரை கதிரை இப்ப வெறுமைதானே, அதிலை இருங்கோ."

மாஸ்ரர் போய், அவவின் சூடு ஆறாத கதிரையில் இருந்தார். ஆழ்வாப்பிள்ளை பக்கத்தில் இருந்து அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். திரைச்சீலையை இழுத்து, இறங்குவதற்காகக் கொக்கி போட்டுவிட்டார்கள். புத்தளம் வாவி வந்தது, போனது.

இரத்மலானையில் முன்வாசல் முதலில் திறந்தது. முன்வகுப்பார் இறங்கி முடியும்வரை பின்வகுப்பார் பட்டியைக் கழற்றாமல் இருக்கும்படி அறிவித்தார்கள். "எழும்பிப் போங்கோ மாஸ்ரர்" என்று ஆழ்வாப்பிள்ளை தள்ளினார். மாஸ்ரர் போனார், கொக்கியை இழுத்தார், திரையைக் குத்தினார், ஐரிஸ், ஐரிஸ் என்று கூப்பிட்டார். அந்தப் பக்கம் ஏணியில் சப்பாத்துச் சத்தம் இறங்கிப்போனது. பின்கதவு திறக்க ஒன்பது நிமிடம் எடுத்தது.

அவர் இறங்கி, பிளேனைச் சுற்றி முன்பக்கம் ஓடிப்போனபோது முன்வகுப்பாருக்குரிய வாகனம் புறப்பட்டுப் போய்விட்டது. ஏணியடியில் சிமியோன் மட்டும் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றான்.

"பக்குவமாய்க் கொண்டுபோட்டினம் சேர்" என்றான் ஆறுதலாக. "முதல் ஆளாய் இறங்கினது அம்மாதான்."